தின்ன முடியாத கொடி

கிழக்குத் தாம்பரம்
10-11-1968, ஞாயிறு

அன்பு மகன் சுந்தர்சிங்குக்கும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் மருமகள் அமலிக்கும் அம்மா மெட்டில்டா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது, கொல்லைப் பந்தலும் மழைக்குத் தாங்கி நிற்கிறது. பிலாயில் நீங்கள் இருவரும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, அம்மா பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பாய், கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீ கேட்டது உடனே பதில் எழுதித் தபால் பெட்டியில் போடுகிற கேள்வியா? கிறிஸ்துமஸுக்கு அமலியை அழைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாய். அதோடு விட்டாயா, நீ வா என்பாய் என்று எனக்குத் தெரியும் அம்மா, அப்பா வா என்று சொன்னால்தான் அந்தக் கேட்டுக்குள் கால் வைப்பேன், இல்லாவிட்டால் சென்ட்ரலில் இறங்கி அப்படியே எழும்பூர் போய்த் திருச்சிக்கு வண்டி ஏறி அமலி வீட்டுக்குப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்கு நீ பிள்ளைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இரண்டு பேருடைய பிடிவாதத்தையும் தராசில் வைத்தால் முள் அசையாது, நடுவில் நிற்கிற எனக்குத்தான் கழுத்து வலிக்கிறது.

ஒன்றரை வருடமாக அவர் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, உன் பெயரைக்கூடச் சொல்வதில்லை, பிலாய்க்காரன் என்றுதான் சொல்வார், அதுவும் மழை வெயில் பற்றிப் பேசும்போது. கல்யாணம் நம் சபையில் இல்லாமல் ஆர்.சி. கோவிலில் நடந்தது அவருக்கு வருத்தம்தான், சபைக் கமிட்டியில் இருக்கிறவர், நாலு பேர் கேட்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், எல்லாம் நிச்சயமான பிறகு நீ அவருக்கு எழுதியது. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே கோவில் வாசலில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்துவிட்டது, அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்ப் பந்தலடியில் உட்கார்ந்துகொண்டார். இதை உனக்கு நான் முன்பே எழுதியிருக்கிறேன், திரும்ப எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

போன மாதம் உன் கடிதம் வந்த அன்று அப்பா புடலங்காய்க்குக் கல் கட்டிக்கொண்டிருந்தார். உனக்குத்தான் தெரியுமே, புடலங்காய் சுருண்டு போகாமல் நேராக இறங்க நுனியில் ஊரெல்லாம் கையில் அகப்பட்ட கல்லைக் கட்டுவார்கள், உன் அப்பா ஒரே மாதிரிக் கல்லாகப் பொறுக்கி வந்து எடை பார்த்துக் கட்டுகிறவர். பெரம்பூர் டிராயிங் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகி வந்தார், டிராயிங் ஆபீஸ் அவரை விட்டு ரிட்டயர் ஆகவில்லை. அங்கேயே நின்று உன் கடிதத்தை அவர் காது கேட்க, ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தேன், அப்பா வா என்று சொன்னால்தான் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். அவர் கல்லை முடிந்துகொண்டே, அவரையில் அசுவினிப் பூச்சி விழுந்திருக்கு, அடுப்புச் சாம்பல் இருந்தா கொண்டா என்றார். அவ்வளவுதான் பதில். மறுநாள் காப்பி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன், பீர்க்கு ஓய்ஞ்சிபோச்சு, பந்தலைப் பிரிச்சுக் கட்டணும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து நடந்து வரும் வழியில் கேட்டேன், முடிச்சூரில் எரு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். நான் என்ன செய்வேன் சொல். வா என்று பொய்யாக எழுதிவிட்டால், நீ வந்து நிற்கும்போது அவர் கொல்லைக்குப் போய் உட்கார்ந்துகொண்டால், முதல் முதலாக வருகிற பெண் என்ன நினைப்பாள். வராதே என்று எழுத என் கை வராது. அதனால்தான் எழுதவில்லை.

இடையில் வீட்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பொழிச்சலூரில் ஜோதி சுகம், வாந்தி நின்றுவிட்டது, மாசி மாதத்தில் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள், உன் தங்கை மாங்காய் இல்லாத காலமாகப் பார்த்து மாங்காய் கேட்கிறாள், மாப்பிள்ளை ஊர் ஊராக அலைகிறார். என் பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகுகிறது, மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக் கத்துகிறேன், மாலையில் குரல் இருப்பதில்லை, அதனால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது என்று அப்பாவுக்கு நிம்மதி. பக்கத்து வீட்டு சௌகத் அலி பாயும் ஷரீஃபாவும் உன்னைக் கேட்டார்கள். இந்த மாதக் கடைசியில் அவர்களுக்கு நோன்பு தொடங்குகிறது, இந்த வருடம் அவர்கள் பெருநாளும் நம் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வரும் போலிருக்கிறது, பலகாரத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் திண்டாடப் போகிறோம் என்று ஷரீஃபா சிரிக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் அமலி தபாலில் விதை அனுப்பினாளே, சின்னத் துணியில் மூட்டை போலத் தைத்து, மயில்மாணிக்கம் என்று எழுதி. குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நூல் கட்டி ஏற்றியிருக்கிறேன் அத்தை, சிவப்புப் பூ நட்சத்திரம் மாதிரி இருக்கும், மாமாவுக்குக் கொடி என்றால் உயிர் என்று அவர் சொன்னார், அதனால் மாமாவுக்கு என்று எழுதியிருந்தாள். அதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் ரேடியோவைத் திருப்பிவிட்டார். தின்ன முடியாத கொடிக்கு இந்த வீட்டில் கழி கிடையாது என்பது அவருடைய சட்டம் என்று உனக்குத் தெரியும், முன்பு ஒரு தரம் நான் சங்குப்பூ விதை போட்டதற்கு, இதைக் கூட்டு வைப்பியா பொரியல் வைப்பியா என்று கேட்டு என் மானத்தை வாங்கினார். அவரை, புடலை, பீர்க்கு, சுரை, பாகல், இந்த ஐந்தும்தான் இவருக்குக் கொடி. அதனால் நானும் பேசாமல் அந்தத் துணி மூட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

தீபாவளி கழிந்து முதல் மழை பெய்ததும் கேட் ஓரமெல்லாம் களை மண்டிவிட்டது. டிசம்பரில் கேரல் பாட வருகிறவர்கள் நம் வீட்டு வாசலில்தான் நின்று பாடுவார்கள், பாம்பு பூச்சி இருக்கக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டுக்கு வலது பக்கம் வரிசையாகப் புதிதாக ஒரு களை முளைத்திருந்தது, நூல் நூலாக இலை, சவுக்கு இலையைக் கிள்ளி ஒட்டின மாதிரி. கொல்லையில் என்றால் கை வைக்கும் முன் அவரைக் கேட்டிருப்பேன். வாசலில் இந்த மனிதர் ஜென்மத்தில் விதை போட்டதில்லை, அதுவும் வாயில் போட முடியாத விதையை. வரிசையாக இருக்கிறதே என்று ஒரு வாத்தியாரம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஒரு கைப்பிடி பிடுங்கி எறிந்துவிட்டு இடது பக்கத்துக்கு நகர்ந்தேன், உள்ளேயிருந்து உன் அப்பா ஷேவிங் சோப்பு நுரையோடு ஓடி வருகிறார். ஏய் மெட்டில்டா, கண்ணு அவிஞ்சி போச்சா உனக்கு, அது அந்தப் பொண்ணு அனுப்பின விதை என்று தெருவே கேட்கக் கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகத்தில் பாதி நுரை, பாதி வெட்கம், அப்படியே உட்கார்ந்து நான் பிடுங்கிப் போட்டதைப் பொறுக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, களைக்கொத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுக்களையில் போய்ப் பார்த்தேன், துணி மூட்டை காலி, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து நாலாக மடித்து அதே இடத்தில் வைத்திருக்கிறார். செடி இருந்த உயரத்தைப் பார்த்தால், உன் கடிதத்தை நான் பந்தலடியில் படித்த அந்த வாரமே விதைத்திருக்க வேண்டும். அசுவினி, சாம்பல் என்று என்னிடம் சொல்லிவிட்டு, விதையை ஊறவைத்து, நான் பள்ளிக்கூடம் போன பிறகு ஊன்றியிருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிடுங்கி எறிந்தாலும் எறிவார், அந்தக் குணம் உனக்குத் தெரியும்.

பிடுங்கினதில் பாதியைத் திரும்ப நட்டார், அதில் கொஞ்சம் பிழைத்தது. அதற்குப் பிறகு மழை விடவில்லை. இளம் செடி அடிபட்டுப் போகுமென்று அவர் ஆபீசுக்குக் கொண்டுபோன கறுப்புக் குடையை விரித்துக் கேட் பக்கத்தில் ஊன்றிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஷரீஃபா வேலியோரம் வந்து, இன்னாக்கா இது, கொடைய மண்ணுல நட்டுட்டு சார் நனைஞ்சிகினு போறாரு, ஒடம்புக்கு எதுனா வந்துட்டா இன்னா பண்றது என்று கேட்டாள். அந்தக் குடைக்குக் கீழே என் மருமகள் இருக்கிறாள் என்று சொன்னேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது, புரிந்ததும் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் மகனைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு இருக்கிறவள்தானே.

போன வாரம் மழை கொஞ்சம் விட்டதும் அப்பா பெருங்களத்தூர் போய் மூங்கிலும் சவுக்குக் கழியும் வாங்கி, பாதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாதியைத் தெரிந்த மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். கொல்லைப் பந்தலுக்கு என்று நினைத்தேன். நேரே கேட்டுக்கு இரண்டு பக்கமும் குழி தோண்டி, கழியின் அடியில் தார் பூசி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து நட்டார். மூங்கிலைப் பிளந்து தண்ணீரில் ஊறப் போட்டு வளைத்து மேலே ஒரு வளைவும் கட்டிவிட்டார், அதைக் கட்டும்போது யாரையும் எதையும் கேட்கவில்லை, ஒரே தடவையில் அளவு குறித்து ஆணி அடித்தார். ஏன் இவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். நெட்டையனுங்க வந்தா தலையில இடிக்கக் கூடாது இல்ல என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். நம் வீட்டுக்கு வருகிறவர்களில் நெட்டையன் யார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வேலை நின்றுவிட்டது. பக்கவாட்டில் குறுக்குக் கழி கட்டினால்தான் கொடி படரும், கொடியோ நூல் போல நீண்டு பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் காற்றில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, இவர் கழியை எடுப்பார், வைத்துப் பார்ப்பார், பென்சிலால் கோடு போடுவார், அழிப்பார், போய்விடுவார். சௌகத் அலி பாய் சைக்கிளை நிறுத்தி, இன்னா சார், கோல் போஸ்ட் கட்டிகினு கீறீங்களா, மேட்ச் எப்போ என்று கேலி செய்தார். ஒரு கொடி தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று நான் போய்க் கழியில் சுற்றிவிடப் போனேன், அதுக்குத் தெரியும் எந்தப் பக்கம் சுத்தணும்னு, நீ மாத்திச் சுத்தினா அவுத்துக்கிட்டு வந்துடும், அதும்போக்குல விடு என்று தடுத்தார். கொடிக்குக் காட்டுகிற இந்தத் தயவைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டினால் என்ன என்று என் வாய் வரைக்கும் வந்தது, நல்ல வேளை முழுங்கிவிட்டேன்.

நேற்று மாலை நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், உள் அறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், நீங்கள் கல்யாணத்துக்கு எடுத்து அனுப்பிய போட்டோவை மேஜையில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஸ்கேலால் அமலியை அளந்துகொண்டிருக்கிறார். அந்தப் போட்டோவை நான் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன், எப்போது எடுத்தார், எத்தனை தரம் எடுத்திருக்கிறார், கர்த்தருக்குத்தான் வெளிச்சம். என்னைப் பார்த்ததும் ஸ்கேலை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் துணிந்துவிட்டார். இது ஒண்ணுத்துக்கும் ஆகாத போட்டோ, இவன் நிக்கிறான், அந்தப் பொண்ணை நாற்காலியில உக்காத்தி வச்சிருக்கான், உக்காந்திருக்கிறவங்க உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அந்தப் பொண்ணு என்ன உயரம் என்று என்னைக் கேட்டார். எனக்கெப்படித் தெரியும், நானும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், உயரம் எதற்கு, சுந்தர் நுழைகிற கேட்டில் அவள் நுழைய மாட்டாளா என்றேன். அதற்கு உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல் எழுதுகிறேன். நுழையுறதுக்கு இல்ல மெட்டில்டா, பூ பறிக்கிறதுக்கு, உயரத்துல ஏத்திவிட்டா பூவெல்லாம் காக்காய்தான் பாக்கும், குறுக்குக் கழி அந்தப் பொண்ணு கையை நீட்டினா எட்டணும், வந்த இடத்துல குதிச்சுக் குதிச்சா பறிக்கும் என்றார்.

சுந்தர், நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன், அழுகை வந்துவிட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஊதினேன். ஒன்றரை வருடமாக நான் ஜெபித்ததற்குக் கிடைத்த பதில் இது. நீ எதிர்பார்க்கிற மாதிரி, மகனே வா என்று அவர் எழுதவே மாட்டார், நாற்பது வருடம் படம் வரைந்த மனிதருக்கு அளவுதான் வரும், வார்த்தை வராது. இதுதான் அவருடைய வா. இதற்கு மேலும் நீ பிடிவாதம் பிடித்துத் திருச்சிக்கு வண்டி ஏறினால் நான் தாம்பரம் ஸ்டேஷனிலேயே உன்னைப் பிடித்து இறக்குவேன், உன் வண்டி இங்கே நிற்காமல் போகாது, ஞாபகம் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் நம் வீட்டில், புதுவருடம் திருச்சியில், அமலியின் அப்பா சவுரிமுத்து ஐயாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். அமலி பூசைக்குப் போக வேண்டுமென்றால் நானே அழைத்துக்கொண்டு போகிறேன், அதற்கு அப்பா என்ன சொல்வாரோ தெரியாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வராதே. முதல் நாள் உன்னிடம் புடலங்காயைப் பற்றி மட்டும்தான் பேசுவார், நீயும் புடலங்காயைப் பற்றியே பேசு.

அமலி, உனக்கு ஒரு வார்த்தை. மாமா கத்துவார், பயப்படாதே, கத்தாதபோதுதான் நாங்கள் பயப்படுவோம். உன் வராந்தாக் கொடி அடியில் மொட்டையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இளசாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளிவிடு, பக்கத்தில் கிளை வெடிக்கும், இது மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன், யாருக்கு என்று கேட்காமல் சொன்னார். ரயிலில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே, நாக்பூரில் வண்டி மாறும்போது குளிர் அடிக்கும், சால்வையைப் பெட்டியின் மேலாக வை. வரும்போது ஒன்றும் வாங்கி வர வேண்டாம், வேண்டுமானால் அந்த விதையில் இன்னும் கொஞ்சம்.

இரண்டு பேரையும் கர்த்தர் கண்மணி போலக் காத்துக் கொண்டுவந்து சேர்ப்பாராக. என் ஆசீர்வாதமும் முத்தமும் உங்கள் இருவருக்கும். மறக்காமல் மறு தபாலில் அமலியின் உயரத்தை எழுது, உன் உயரம் வேண்டாம், அது இங்கே இருக்கிறது. கொடி காத்திருக்காது, கழி கட்டியாக வேண்டும், இந்த மாதத்துக்குள் கட்டினால்தான் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். கவரை ஒட்டப் போனேன், அப்பா வந்து நிற்கிறார். உயரத்தைச் சரியாகக் கேட்டிருக்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம், அடியில் கொஞ்சம் இடம் விடு என்கிறார். விட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு அம்மா,
மெட்டில்டா அசரியா

சுந்தர், செருப்பு இல்லாமல், சுவரோடு நிற்க வைத்து அளக்கவும். கையை உயர்த்தி ஒரு அளவு, உயர்த்தாமல் ஒரு அளவு. சரியாக வராவிட்டால் பரவாயில்லை, இங்கே வந்த பிறகு அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம்.
அப்பா